ரியல் எஸ்டேட் தொழிலில் பெண்: முகவராகத் தொடங்கித் தலைமைக்கு வருவதற்கான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் மனை வாங்குகிறது என்றால், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அந்த மனைக்கு விலை பேசப்படும் இடத்தில் பெண்கள் இருப்பது அரிது. இந்த நிலை மெல்ல மாறிவருகிறது. தொழிலுக்குள் வர விரும்பும் பெண்ணிடம், "வாய் சாமர்த்தியம் வேண்டும், நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பேசத் தெரிந்தவர்கள் இத்தொழிலில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு பத்திரத்தை முதல் வரியிலிருந்து சாட்சிக் கையெழுத்து வரை படித்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள்தாம் குறைவு. அந்தத் திறமைக்கு ஆண், பெண் என்ற கணக்கு கிடையாது. அது கைவந்த பெண்ணைத் தாண்டி எவரும் பேரத்தை முடித்துவிட முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி ஆவணங்களுக்கே அதிக இடம் தருகிறது.

முதல் படி: எந்த மேசையில் அமர்வது

சொந்தமாகத் தொடங்கும் முன் ஓரிரு ஆண்டுகள், மனைப்பிரிவோ அடுக்ககமோ உருவாக்கி விற்கும் ஒரு புரமோட்டரிடமோ பெரிய தரகு நிறுவனத்திடமோ வேலை செய்வது நல்லது. ஆனால் அங்கே எந்த வேலையில் சேர்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். மனை விற்கும் நிறுவனங்கள் பெண்களைப் பெரும்பாலும் தொலைபேசியில் ஆள் பிடிக்கும் வேலைக்கும் வரவேற்பு மேசைக்குமே எடுக்கின்றன. நாள் முழுவதும் தொலைபேசியில் பேசிப் பிடித்துத் தரும் வாடிக்கையாளரைச் சைட்டுக்கு அழைத்துப் போவதும் பேரத்தை முடிப்பதும் கமிஷன் பெறுவதும் இன்னொருவராக இருப்பார். அந்த நாற்காலியில் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்தாலும் தொழில் கைக்கு வராது. சம்பளம் சற்றுக் குறைந்தாலும், பத்திரங்களைத் திரட்டி, வழக்கறிஞரிடம் லீகல் ஒப்பீனியனுக்கு அனுப்பி, வங்கிக் கடனுக்கும் பதிவுக்கும் கோப்பைத் தயார்செய்யும் மேசையைக் கேட்டு வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா அலுவலகம், நகர் ஊரமைப்பு அலுவலகம் ஆகிய மூன்று இடங்களின் நடைமுறையும் அந்த மேசையிலிருந்துதான் பழகும்.

இரண்டாம் படி: ஆவணங்களைப் படிக்கக் கற்பது

முதலில் அளவுகள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர். வருவாய்த்துறை ஆவணங்கள் ஹெக்டேரிலும் ஏர்ஸிலும் பேசும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட். பட்டாவில் உள்ள ஏர்ஸைச் சென்ட்டாக மாற்றிப் பத்திரத்தில் உள்ள பரப்புடன் ஒப்பிடுவது அன்றாட வேலையாகிவிட வேண்டும். இரண்டும் பொருந்தாத இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்து, எந்த ஆவணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற தெளிவு. பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. பத்திரத்தின் துணையில்லாமல் அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. நிலத்தின் வகைப்பாட்டைக் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் பார்க்க வேண்டும்; புறம்போக்கா, நீர்நிலையா, கோயில் நிலமா என்ற ஐயம் முதலில் அங்கேதான் தீரும். 1892-இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பிறருக்கு விற்க முடியாது. அத்தகைய நிலத்தின் மீது எத்தனை கைமாறிய பத்திரங்கள் இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். அறநிலையத்துறை நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். புல எண்ணின் (சர்வே எண்) எல்லைகளையும் அளவுகளையும் புல வரைபடம் காட்டும். 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பழைய புல எண்களின் உட்பிரிவுகள் மாறின. பெயர்களும் சில இடங்களில் பிழையாக ஏறின. எனவே அதற்கு முந்தைய பத்திரத்தில் உள்ள எண்ணையும் இப்போதைய எண்ணையும் இணைத்துப் பார்க்காமல் எதையும் உறுதி செய்யாதீர்கள்.

ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். பொதுவாக 1975 முதலான பதிவுகளே இணையத்தில் கிடைப்பதால், அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேடச் சொல்ல வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். பழைய புல எண், புதிய புல எண், உட்பிரிவு எண் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று தரகர்கள் மகிழ்ந்து சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். பதிவு செய்யப்படாத உயில், நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, உரிமையாளரின் மரணம் போன்றவை அதில் இடம்பெறாமல் போகலாம்.

ஒரு கோப்பை நெருங்கிப் பார்ப்போம். ஒருவர் 1962-இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் 20 சென்ட் வாங்குகிறார். 1987-இல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவி, இரு மகன்கள், இரு மகள்கள் மட்டுமே வாரிசுகள். 1994-இல் தாயும் இரு மகன்களும் சேர்ந்து அந்த நிலத்தை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் பெயரில் பட்டாவும் மாறிவிடுகிறது. இன்று அவர் விற்க வருகிறார். வில்லங்கச் சான்றில் 1994-ஆம் ஆண்டு விற்பனை மட்டும் பளிச்சென்று தெரியும். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமப்பங்கு உண்டு. அதாவது அந்த நிலம் ஐந்து சமப் பங்குகளாகிவிட்டது, விற்கப்பட்டதோ மூன்று பங்குதான். இரு மகள்களின் பங்கு அப்படியே நிற்கிறது. "கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அதோடு கணக்குத் தீர்ந்தது" என்று அண்ணன் தம்பிகள் சொல்வது பத்திரம் ஆகாது.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்துத் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் அந்தத் திருத்தம் கலைக்காது. இந்த நான்கு தேதிகளும் உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மேற்சொன்ன கோப்பு வந்தால் ஆண் தரகர்கள் பலர், "பழைய கதை, யாரும் கேட்க மாட்டார்கள்" என்று தள்ளிவிட்டுப் பேரத்தை முடிப்பார்கள். நீங்கள் அந்தச் சகோதரிகளைத் தேடிப் போங்கள். அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, கணவரோ மகனோ குறுக்கே பேசாமல் அவர்களிடம் நேரடியாகப் பேசுவது ஒரு பெண்ணுக்கு எளிது. அவர்கள் பங்குக்குரிய நியாயமான தொகையை விலையிலேயே சேர்த்துப் பேசி, எந்த வகைப் பத்திரம் எழுத வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் முடிவுசெய்யுங்கள். ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவரும் வழக்கத்துக்குத் துணைபோக வேண்டாம். அது அறமும் அல்ல, நாளை நீதிமன்றத்தில் நிற்கவும் செய்யாது. இப்படிச் சிக்கலைத் தீர்த்துக் கொடுத்த ஒரு கோப்பு, நூறு விளம்பரப் பலகைகள் தராத பெயரை உங்களுக்குத் தரும்.

மூன்றாம் படி: நிலத்தில் நின்று பார்ப்பது

புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைச் சுற்றி நடங்கள். சர்வே கற்கள் இருக்கின்றனவா, வரைபடத்தில் வாய்க்கால் என்று குறித்திருக்கும் இடத்தில் மண் கொட்டி மட்டம் செய்யப்பட்டிருக்கிறதா, வண்டிப்பாதை என்று காட்டப்படுவது உண்மையில் அடுத்தவர் பட்டாவா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு முறை கட்டாயம் போங்கள். அந்தத் தெருவில் குழாயடியில் நிற்கும் பெண்களிடம் பேசினால், தண்ணீர் உப்பா, எத்தனை அடியில் போர் போட்டார்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்பதெல்லாம் வந்துவிடும். விற்பவர் இவற்றைச் சொல்ல மாட்டார்.

மனைப்பிரிவுகளில் அங்கீகாரம் முதல் கேள்வி. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லையில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அங்கீகாரம் தருகின்றன. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று யாராவது சொன்னால் அந்தக் கோப்பை இன்னும் மெதுவாகப் படியுங்கள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. ஒரு மனை வரன்முறை ஆகியிருக்கிறதா என்பதை ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்தே நம்ப வேண்டும்.

நான்காம் படி: முகவராகப் பதிவு செய்வது

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பதிவு பெற்ற திட்டங்களில் உள்ள மனையையோ அடுக்கக வீட்டையோ விற்றுக் கொடுக்கும் முகவர், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். (அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இதே குழுமத்தின் கீழ்தான் வருகின்றன.) பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் உண்டு. நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் பதிவு எண் குறிக்கப்பட வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்றுத் தரக் கூடாது. கணக்குப் புத்தகங்களை முறையாக வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பதிவு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும். பழைய வீடுகளின் மறுவிற்பனைக்கும் வாடகைக்கும் இச்சட்டப்படியான பதிவு தேவையில்லை என்றாலும், பதிவு எண்ணை முகவரி அட்டையில் அச்சிட்டிருக்கும் பெண்ணைப் பார்த்து "சார் யாரும் வரலையா மேடம்?" என்ற கேள்வி பாதியாகக் குறைந்துவிடும்.

ஐந்தாம் படி: முதல் பகுதி, முதல் பேரங்கள், கமிஷன்

ஊர் முழுவதும் ஓடாமல் ஐந்தாறு தெருக்களையோ ஒரு வருவாய்க் கிராமத்தையோ தேர்ந்தெடுங்கள். அங்கே சென்ற ஆண்டு பதிவான விலை, பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு, வாடகை, எந்த வீடு விற்பனைக்கு வரப்போகிறது ஆகியவை உங்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். முதல் ஆண்டை வாடகை வீடுகள் காப்பாற்றும். வெளிநாட்டில் வாழ்பவர்களின் வீடுகளைப் பராமரித்து, வாடகை வசூலித்து, வரி கட்டிக் கொடுக்கும் வேலையும் உங்களைத் தேடி வரும். அந்த உரிமையாளர்கள் என்றாவது விற்கும்போது முதல் அழைப்பு உங்களுக்குத்தான்.

பதிவுச் செலவுக் கணக்கைத் தாளில்லாமல் சொல்லப் பழகுங்கள். வழக்கமான கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை கிடைக்கிறது. மிச்சமாவது அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். ஆனால் மனைவி பெயரில் வாங்கலாமா என்ற பேச்சை ஒரு வீட்டில் தொடங்கிவைக்க அது போதும். சொத்தின் விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் பேரம் முறியும்.

கமிஷன் இழப்புதான் புதிய பெண் முகவரின் முதல் அடி. வாங்குபவரையும் விற்பவரையும் நீங்கள் சந்திக்க வைத்த பிறகு, இருவரும் தமக்குள் பேசி முடித்துவிடுவார்கள். அல்லது நடுவில் நாலு தரகர்கள் முளைத்து ஆளுக்கொரு பங்கு கேட்பார்கள். இடத்தைக் காட்டும் முன்பே விற்பவரிடம் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்: சொத்து விவரம், எதிர்பார்க்கும் விலை, கமிஷன் விழுக்காடு, எப்போது தர வேண்டும், எத்தனை மாதத்துக்குள் நீங்கள் அறிமுகப்படுத்தியவருக்கே விற்றாலும் கமிஷன் உண்டு என்பது. வாங்குபவருக்கு இடத்தைக் காட்டியதும் தேதி, புல எண்ணுடன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கமிஷனில் பாதி கிரய ஒப்பந்தத்தன்றும் மீதி பதிவன்றும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணம் ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விழும். அந்தப் பணம் உங்கள் கைப்பை வழியாகப் போக ஒருபோதும் விடாதீர்கள். உங்கள் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், தரகுச் சேவைக்கு 18 விழுக்காடு.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது பழக்கத்தில் வந்துவிட வேண்டியது. புதியவரை முதலில் அலுவலகத்திலோ ஆள்நடமாட்டமுள்ள இடத்திலோ சந்தியுங்கள்; அடையாள அட்டையின் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள்; காலி வீட்டைப் பகலில் மட்டும் காட்டுங்கள்; அவர்கள் காரில் ஏறாமல் உங்கள் வண்டியில் போங்கள்; இருப்பிடத்தைத் தொலைபேசியில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் பணியாளராக இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகக் குழுவும், அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தனி ஆளிலிருந்து நிறுவனம்

மாதம் மூன்று, நான்கு பதிவுகள் ஆகும் நிலையில் ஒருவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பலர் இந்த இடத்தில் விற்பனைக்கு ஆள் எடுத்துவிட்டு, ஆவண வேலையை வெளியே கொடுத்துவிடுகிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்: முதல் ஊழியர் ஆவணங்களுக்கு, இரண்டாமவர் கணக்குக்கு, மூன்றாமவர்தான் விற்பனைக்கு. எந்த இடத்தையும் விளம்பரம் செய்யும் முன் உங்கள் கையெழுத்துடன் ஓர் ஆவணக் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும் என்ற விதியை வைத்து, அதை உங்கள் தம்பி கொண்டுவந்த நிலத்துக்கும் தளர்த்தாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஆண்கள் அந்த விதியின் வழியாகத்தான் உங்களைத் தலைவியாக ஏற்பார்கள், அதட்டலால் அல்ல. சம்பளத்தையும் கமிஷன் பங்கையும் எழுத்தில் தந்து, சொன்ன தேதியில் தந்துவிட்டால் இத்தொழிலில் அதுவே பெரிய நற்பெயர். பத்திர எழுத்தர், சர்வேயர், வழக்கறிஞர், வங்கிக் கடன் அதிகாரி ஆகியோருடனான பழக்கம் டீக்கடைப் பேச்சில் வளர்வது என்பார்கள். பிழையில்லாத கோப்பை நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவரிடமும் அது வளரும். கட்டுநர் சங்கமான கிரெடாய்க்கு மகளிர் பிரிவு இருக்கிறது. புரமோட்டராகும் எண்ணம் இருந்தால் அதன் கூட்டங்களில் முன்கூட்டியே முகம் காட்டுவது பயன் தரும்.

ஏழாம் படி: புரமோட்டராவது

இங்கே ஒன்றைக் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பெயரில் இயங்கும் கட்டுமான நிறுவனங்களில் பல, கணவரோ அண்ணனோ நடத்துபவை. அந்தப் பெண் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுபவர். ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யாமல் திட்டத்தை விற்றால் அத்திட்டத்தின் மதிப்பிடப்பட்ட செலவில் 10 விழுக்காடு வரை அபராதம். உத்தரவுக்குப் பிறகும் மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பங்குதாரர் என்றும் இயக்குநர் என்றும் பெயர் கொடுத்தவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரமும், வரவு செலவைப் பார்க்கும் உரிமையும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லாமல் எந்த நிறுவனத்திலும் பெயர் கொடுக்காதீர்கள், கேட்பவர் யாராக இருந்தாலும்.

உங்கள் முடிவில் தொடங்குவதென்றால் சிறியதாகத் தொடங்குங்கள். நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் திட்டப் பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டில் நிலத்து உரிமையாளருடன் கூட்டாக ஆறு வீடு கட்டுவது நல்ல பயிற்சி. கூட்டு ஒப்பந்தத்தில் யாருக்கு எந்த வீடு, பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு, தாமதமானால் உரிமையாளருக்கு மாத வாடகை எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதுங்கள். பவர் பத்திரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரம் நின்றுவிடக்கூடும். வயதான உரிமையாளர் என்றால் வாரிசுகளையும் முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் சேர்ப்பது பாதுகாப்பு.

பெரிய திட்டத்தில் பதிவு எண் வரும் முன் ஒரு துண்டுப் பிரசுரம்கூட வெளியிடக் கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அளவுக்கு ஏற்ப, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்றுடனேயே எடுக்க முடியும். விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கும் முன் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும். ஒரு திட்டத்தின் பணத்தை அடுத்த நிலத்துக்குப் போட்டுச் சுழற்றும் பழைய பழக்கம் இந்தக் கணக்கில் நடக்காது; அடுத்த நிலத்துக்கான பணம் உங்கள் மீதி 30 விழுக்காட்டிலிருந்தும் சொந்த முதலிலிருந்தும் வங்கியிலிருந்தும்தான் வர வேண்டும்.

ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், சொன்ன 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அதற்கான தொகையை முதல் திட்டத்தின் லாபத்திலிருந்தே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் அமைந்ததும் அங்கீகார வரைபடம், நிறைவுச் சான்று, மின்தூக்கி உரிமம், மூலப் பத்திரங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டி, பெற்றுக்கொண்டதற்குச் சங்கச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நிலத்துக்குக் கூட்டு பேச வரும் உரிமையாளர் முதலில் விசாரிக்கப் போவது அந்தச் செயலாளரிடம்தான்.